டெப்பியின் வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் ‘இன்வின்சிபிள்’ அனிமேஷன் தொடரைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுதியிருந்தீர்கள். சூப்பர் ஹீரோ உடை போட்ட குடும்பக் கதை, தவறவிட வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டேன். கார்ட்டூன்தானே என்று ஒன்பது வயது மகனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடம் போகும் பையனுக்குப் பறக்கும் சக்தி வருகிறது. அப்பா சொல்லிக்கொடுக்கிறார், அம்மா கவலைப்படுகிறாள். முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போகும்போது, அந்த அப்பா தன்னோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். தலை நசுங்குகிறது, உடம்பு கிழிகிறது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பையன் முக்கால்வாசி பார்த்துவிட்டான். ராத்திரி படுத்த பிறகு, “அந்த அப்பா ஏம்மா அவங்கள கொன்னாரு?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இவ்வளவு ரத்தம் எதற்கு? காமிக்ஸிலும் இப்படித்தானா, இல்லை தொடருக்காகச் சேர்த்தார்களா? நீங்கள் சொன்ன குடும்பம் இதில் எங்கே இருக்கிறது? மேற்கொண்டு பார்க்கலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

முதலில் என் தவறு. அது வயது வந்தவர்களுக்கான தொடர் என்று எழுதியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். உங்கள் மகன் அந்தக் காட்சியைப் பார்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தொடரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காமிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். ராபர்ட் கிர்க்மன் எழுதி, கோரி வாக்கர் வரைந்து, 2003 ஜனவரியில் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாக ‘இன்வின்சிபிள்’ முதல் இதழ் வந்தது. எட்டாவது இதழிலிருந்து ரயன் ஓட்லி வரைந்தார். 2018இல் 144ஆவது இதழோடு கதை முடிந்தது. அப்படி முடிந்தது முக்கியமான விஷயம். அமெரிக்காவின் பெரிய சூப்பர் ஹீரோக்களுக்கு முடிவு கிடையாது, ஏனென்றால் அவர்கள் கம்பெனியின் சொத்து. எழுதுபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், செத்தவர்கள் திரும்பி வருவார்கள். இமேஜ் நிறுவனம் 1992இல் மார்வெலை விட்டு வெளியேறிய ஓவியர்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே படைப்பு படைத்தவனுக்கே சொந்தம். அதனால்தான் கிர்க்மனால் ஒரு அப்பாவைக் கொலைகாரனாக்க முடிந்தது. அந்தக் கொலையின் விளைவை 15 வருடம் விடாமல் எழுதிக்கொண்டு போகவும் முடிந்தது.

காமிக்ஸ் என்றால் குழந்தைகளுக்கு என்ற எண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் காமிக்ஸாகக் குவிந்தன. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று செனட் குழு விசாரணை வரை போனது. அதற்குப் பயந்து பதிப்பாளர்களே 1954இல் ஒரு தணிக்கை விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். மார்வெல் அதிலிருந்து வெளியே வந்தது 2001இல்தான். நம் ஊரிலும் 1956இல் இப்படிப்பட்ட படக்கதைகளைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது, ஆனால் பழக்கமே போதுமானதாக இருந்தது. ஆனால் 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியை யோசித்துப் பாருங்கள். அந்த முதல் கதையில் அவர் நல்லவர் இல்லை. விபத்தில் புத்தி பேதலித்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்க் குற்றங்கள் செய்கிறவர். நாம் அதைத்தான் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்துப் படித்தோம்.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த அந்தக் கொலைகள் காமிக்ஸில் ஏழாவது இதழில் வருகின்றன. மகன் மார்க் அதைத் தெரிந்துகொள்வது அடுத்த நாலைந்து இதழ்களுக்குள். 2021 மார்ச்சில் பிரைம் வீடியோவில் தொடர் வந்தபோது கொலைகளை முதல் அத்தியாயத்தின் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உண்மை வெளியாவதை எட்டாவது அத்தியாயத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த ஒரு மாற்றத்தில்தான் தொடரின் முழுப் பலமும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடுவில் இருக்கும் அத்தியாயங்களில் என்ன நடக்கிறது? அந்த அப்பா, நோலன், வீட்டில் இருக்கிறான். சாப்பிடுகிறான், மனைவியைக் கொஞ்சுகிறான், மகனுக்குப் புத்தி சொல்கிறான். மனைவி டெப்பி, வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் வேலைக்குப் போய்வருகிறாள். மார்க்குக்கு ஒரு காதலி, பரீட்சை, நேரம் போதவில்லை என்ற தவிப்பு. எல்லாம் சாதாரணம். ஆனால் நமக்குத் தெரியும். அந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு, அதே கை மகன் தோளில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் அத்தியாயத்தின் ரத்தம் கொஞ்சம் குறைந்திருந்தால் இந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சிகள் வெறும் சாப்பாட்டு மேசைக் காட்சிகளாகவே இருந்திருக்கும். நீங்கள் அணைத்த இடத்தில்தான், நான் சொன்ன குடும்பக் கதை தொடங்குகிறது.

டெப்பி ஒரு கட்டத்தில் சந்தேகப்படுகிறாள். ரத்தக் கறை படிந்த அவன் உடை அவள் கைக்குக் கிடைக்கிறது. அவனுக்கு உடை தைக்கும் பழைய நண்பரிடம் எடுத்துக்கொண்டு போகிறாள். உடனே நம்பிவிடுவதில்லை. இல்லை, வேறு காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்க்கிறாள். காமிக்ஸில் இந்தத் தேடல் கிடையாது. அங்கே எல்லாம் வெடித்த பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. தொடருக்காக எழுதும்போது அவளுக்கு இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சாண்ட்ரா ஓ குரல் கொடுத்திருக்கிறார். குரல் உயராமலே ஒரு பெண் இருபது வருட வாழ்க்கையை மனசுக்குள் ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்ப்பதை அந்தக் குரலில் கேட்கலாம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர். வீட்டில் அதட்டிப் பேசியதே கிடையாது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு மதியம், வாசலில் ஒரு அம்மா நின்று அழுதுகொண்டிருந்தார். அவரிடம் அப்பா பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. உள்ளே வந்து, வழக்கமான குரலில், “சாப்டியாப்பா?” என்று என்னிடம் கேட்டார். சமையலறை வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. டெப்பி அந்த உடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் பார்த்தது அந்தச் சமையலறை வாசலைத்தான்.

எட்டாவது அத்தியாயம். தான் வில்ட்ரம் என்ற கிரகத்தின் பேரரசுக்காக, பூமியைப் பிடிப்பதற்கு அனுப்பப்பட்டவன் என்று நோலன் சொல்கிறான். மார்க் அவன் பக்கம் சேர மறுக்கிறான். மகனை அடிக்கிறான், ஊரே இடிகிறது. ரயிலுக்கு முன்னால் மகனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று வருகிறது. உள்ளே இருந்த அத்தனை பேரும் மார்க்கின் உடம்பில் மோதிச் சாகிறார்கள். இரண்டாவது முறை என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் உண்மையில் கொடுமையான இடம் அதில்லை. நடந்துகொண்டிருப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் டெப்பியின் காதில், அவள் எனக்கு ஒரு வளர்ப்புப் பிராணி மாதிரி என்று கணவன் சொல்வது விழுகிறது. அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மொத்தத் தொடரிலும் அதைவிட இருட்டான இடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி. வில்ட்ரம்காரர்களுக்கு ஆயுள் ஆயிரக்கணக்கான வருடம். இன்னும் ஐந்நூறு வருடம் கழித்து உன்னிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று அடித்துக்கொண்டே கேட்கிறான். முகம் சிதைந்து கிடக்கும் மார்க், “நீங்க இருப்பீங்கப்பா” என்கிறான். அந்தப் பதிலைக் கேட்டதும் ஓங்கிய கை நின்றுவிடுகிறது. மகன் சின்னப் பையனாக பேஸ்பால் ஆடிய ஒரு நாள் நோலனுக்கு நினைவு வருகிறது. அழுதுகொண்டே பூமியை விட்டுப் பறந்துபோகிறான். ஜே. கே. சிம்மன்ஸ் பேசிய நோலனும் ஸ்டீவன் யூன் பேசிய மார்க்கும் இல்லாமல் அந்த இடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வரைந்த முகத்தில் இருப்பது நாலு கோடும் ஒரு மீசையும்தான். மீதி எல்லாம் குரல்.

நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்திருந்தால் அந்த உடல்களை நம்மால் பார்த்திருக்கவே முடியாது, அல்லது பொம்மை உடல் என்று கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். இங்கே நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன. வானம் நீலம், உடை மஞ்சள், கோடுகள் தெளிவு. சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குப் போடும் நிகழ்ச்சியின் சாயல். உங்கள் மகனை உட்காரவைத்தது அதுதான். உலகம் நல்லவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் நிறங்கள் அவை. அந்த நிறங்களுக்குள் வைத்துத்தான் அந்த நம்பிக்கையை உடைக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. உருவங்கள் பல இடங்களில் விறைப்பாக அசைகின்றன, கூட்டம் அப்படியே அட்டை மாதிரி நிற்கிறது. ஆம்பர் என்ற காதலியின் பகுதி முதல் சீசனில் ஒட்டவே இல்லை. மூன்றாவது சீசனில் வேறு உலகங்களிலிருந்து கெட்ட மார்க்குகள் வந்து நகரங்களை அழிக்கும் அத்தியாயத்தில், நீங்கள் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். எத்தனை பேர் செத்தார்கள் என்பது வெறும் கணக்காகிவிட்டது, மனசு மரத்துப்போனது. அங்கே ரத்தம் வீண்தான்.

ஆனால் இரண்டாவது சீசனைப் பாருங்கள். 2023 நவம்பரில் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டு 2024இல் முடிந்தது. நோலன் போன பிறகு டெப்பி என்ன ஆனாள் என்பதுதான் அதில் எனக்கு முக்கியம். சூப்பர் ஹீரோக்களின் கணவன் மனைவிமார் கூடிப் பேசும் ஒரு குழுவுக்குப் போகிறாள். அங்கே இருக்கும் ஒருவருடைய மனைவியைக் கொன்றதே நோலன்தான். உனக்கு இங்கே இடமில்லை என்கிறார் அவர். கொலைகாரனின் மனைவிக்குத் துக்கப்பட உரிமை உண்டா என்று ஒரு சூப்பர் ஹீரோ கதை கேட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை. நோலன் வேறொரு கிரகத்தில் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்து பெற்ற குழந்தையை மார்க் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுக்கிறான். ஊதா நிறக் குழந்தை, பெயர் ஆலிவர். டெப்பி கோபப்படுகிறாள், அழுகிறாள், அப்புறம் வளர்க்கிறாள். கணவனின் இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்த்த பெண்களை நம் எல்லார் குடும்பத்திலும் இரண்டு தலைமுறை பின்னால் போனால் பார்க்கலாம். அவர்கள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

இந்தக் குழந்தை வந்த பிறகு தொடரின் கேள்வி அப்பாவிடமிருந்து பிள்ளைகளிடம் நகர்கிறது. ஆங்ஸ்ட்ரம் லெவி என்பவன் பல உலகங்களுக்குப் போய்வரக்கூடியவன். பெரும்பாலான உலகங்களில் மார்க் அப்பாவோடு சேர்ந்துகொண்டான் என்று அவன் சொல்கிறான். அவன் டெப்பியின் கையை உடைக்கும்போது மார்க் அவனைக் குத்துகிறான், குத்திக்கொண்டே இருக்கிறான். நிறுத்தும்போது கை முழுக்க ரத்தம். நீ பலசாலி என்று நினைத்தேனே என்று அந்த உடலைப் பார்த்து அழுகிறான். அங்கே தெறிக்கும் ரத்தமும் முதல் அத்தியாயத்து ரத்தமும் ஒன்றுதான். அப்பாவின் கை தனக்கும் இருக்கிறது என்று மகன் பார்த்துவிடுகிறான். மூன்றாவது சீசனில் ஆலிவர், இன்னும் சின்னப் பையன், இரண்டு பேரைக் கொன்றுவிட்டு அதில் என்ன தப்பு என்கிறான். மற்ற உலகங்களிலும் மார்க்கை டெப்பிதானே வளர்த்திருப்பாள்? பிறகு ஏன் இந்த ஒருவன் மட்டும் வேறு மாதிரி? தொடர் இதற்கு விடை சொல்வதில்லை. என்னிடமும் இல்லை. மூன்று சீசன், 24 அத்தியாயம் பார்த்த பிறகும் நான் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேற்கொண்டு பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள், மகன் தூங்கிய பிறகு. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம், அதில் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். இரண்டிலிருந்து போடுங்கள். கண்ணை டெப்பி மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். மழுப்ப வேண்டாம், அவன் பார்த்துவிட்டான். அந்த அப்பா ரொம்ப தூரத்திலிருந்து ஒரு கெட்ட வேலைக்காக அனுப்பப்பட்டவர், தன்னைத் தடுக்கக்கூடியவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று அவர்களைக் கொன்றார், அவர் செய்தது தப்பு, பின்னால் தன் பையனை நினைத்து அழுதார் என்று சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தாரா என்று கட்டாயம் கேட்பான். நான் பார்த்த வரைக்கும் வரவில்லை. அந்தப் பையனும் அம்மாவும் தம்பியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.