வீட்டு முற்றத்தில் வள்ளம்: கேள்வி பதில்

கேள்வி (குளச்சல்): அண்ணாச்சி, ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றி முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். எஞ்சின் வேலைக்கு நானும் மெக்கானிக்கும் வள்ளத்தின் பின்பக்கம் ஏறலாமா?

பதில்: முட்டுக் கொடுக்காமல் ஏறாதீர்கள் தம்பி. டிரெய்லர் அச்சின் மேல் நிற்கும் தராசு போன்றது. ஜீப் பிடித்திருக்கும் வரை முன்பக்கம் அடங்கியிருக்கும். கழற்றியபின் பிடிக்க ஆளில்லை. ஏற்கனவே எஞ்சின் பின்னால் தொங்குகிறது. இரண்டு பேரும் ஏறினால் முன்கம்பி வானத்தைப் பார்க்கும். நானே ஒருமுறை அப்படிச் சாய்ந்து, பக்கத்துத் தென்னையைக் கட்டிப்பிடித்து இறங்கினேன். பக்கத்து வீட்டார் இன்னும் சிரிக்கிறார்கள். சட்டத்தின் பின்கோடியில் இருபுறமும் மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். முட்டு இரும்புச் சட்டத்துக்குத்தான், ஃபைபர் உடலுக்கு அல்ல. நம் கடற்கரை மணலில் கட்டை புதையும், அடியில் அகலப் பலகை வையுங்கள். செங்கல் நொறுங்கும், அது வேண்டாம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி (முட்டம்): வள்ளத்தை டிரெய்லரோடு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் மழைக்குப் பின் தளர்ந்துவிட்டது. ஏன்?

பதில்: நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் அதிகம். நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது, இங்கே அதுவே கேடு. பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை) வாங்குங்கள். அணியத்து (வள்ளத்தின் முன்முனை) வளையத்தில், வள்ளத்தை டிரெய்லர் மேல் இழுக்கும் வின்ச் பெல்ட்டோடு தனியாக ஒரு சங்கிலியும் போடுங்கள். பின்மூலைகள் இரண்டையும் சட்டத்தோடு கட்டுங்கள்.

கேள்வி (மணக்குடி): தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அடித்தக்கையையும் (தண்ணீர் வடியும் அடித்துளையின் அடைப்பான்) எடுக்க வேண்டுமா?

பதில்: எடுத்தே ஆக வேண்டும். தார்ப்பாய் என்றாவது கிழியும். 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. அந்த எடை ஒரு பக்கம் ஓடினால் முட்டும் பெல்ட்டும் என்ன செய்யும்? தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் குமரி மாவட்டம் இது. அணியத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், தண்ணீர் தானே வடிந்துவிடும்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): வள்ளம் உட்கார்ந்திருக்கும் பலகைகளை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றலாமா?

பதில்: கூடாது. ஒன்றைக் கழற்றி, மாற்றி, வள்ளம் அதில் உட்கார்ந்தபின் அடுத்தது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்குக் கட்டை வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வள்ளத்தின் அடியில் படுக்காதீர்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): மாமனார் வீட்டில் வள்ளத்தை வைத்திருக்கிறேன். கச்சான் காற்றுக்கு (மேற்கிலிருந்து வீசும் காற்று) தாங்குமா?

பதில்: காற்றாலைக்காரர்கள் தேடிவந்த காற்று அது! அணியத்தை மேற்கே திருப்புங்கள். தார்ப்பாய் தொய்ந்தால் பாய்மரப் பாயாக மாறிவிடும், இறுக்கிக் கட்டுங்கள். டிரெய்லர் கம்பியில் மாட்டைக் கட்ட வேண்டாம் என்று மாமனாரிடமும் சொல்லிவையுங்கள்.