தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் மெஷின் கொதிக்கிறதே, ஏன்?

கேள்வி: சொந்தமாக நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன், ஆறு சிலிண்டர் இன்ஜின். போன சம்பா அறுவடையில் மதிய வெயிலில் கொதித்தது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட் இரண்டையும் கழற்றிவிட்டார். இப்போது காலையில் வெகுநேரம் வெள்ளைப் புகை, சூடு காட்டும் முள் எழும்புவதே இல்லை, டீசலும் கூடக் குடிக்கிறது. ஆனால் மதியம் பயிர் அடர்ந்த வயலில் இறங்கினால் பழையபடி கொதிக்கிறது. திரும்பப் போடலாமா?

பதில்: போடுங்கள், இரண்டையும் புதிதாகவே போடுங்கள். காலையில் சூடு ஏறாததற்கும் மதியம் கொதிப்பதற்கும் காரணம் ஒன்றேதான், அந்தக் கழற்றிய வேலை.

தெர்மோஸ்டாட் என்பது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மறிக்கும் மடை, எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாகப் போகும் என்று பல மெக்கானிக்குகள் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இந்த மாதிரி இன்ஜின்களில் பெரும்பாலும் அது இரட்டை மடை. ஒரு வாய்க்கால் ரேடியேட்டருக்கு, இன்னொன்று ரேடியேட்டர் பக்கமே போகாமல் வாட்டர் பம்புக்குத் திரும்பும் குறுக்குவழி, அதாவது பைபாஸ். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியேட்டர் வழி மூடி, பைபாஸ் திறந்திருக்கும், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே, பிளாக்கிலும் ஹெட்டிலும் சுற்றிச் சீக்கிரம் சூடாகும். தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் குப்பி இருக்கும், அதற்குள் மெழுகு. தண்ணீர் 82 டிகிரி வாக்கில் வந்ததும் (எத்தனை டிகிரி என்று அதன் மேலேயே அடித்திருப்பார்கள், 71, 76, 88 என்றும் உண்டு) மெழுகு உருகி விரிந்து உள்ளே இருக்கும் ஊசியை வெளியே தள்ளப் பார்க்கும். ஊசி மேல் சட்டத்தில் முட்டி நிற்பதால் குப்பிதான் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும், கூடவே பெரிய தட்டும் இறங்கி ரேடியேட்டர் வழி திறக்கும். அதே இறக்கத்தில் அடியில் இருக்கும் சின்னத் தட்டு போய் பைபாஸ் வாயை அடைக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுத் திறப்பு.

இப்போது உங்கள் மெஷினில் அடைக்க ஆளில்லை, பைபாஸ் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. தண்ணீருக்கு அதுதான் சுலபமான வழி, அதனால் மதியம் முழு லோடில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்ப ஹெட்டுக்குள் போகிறது. காலையிலோ லோடு இல்லாத நேரத்தில் ரேடியேட்டர் வழியும் திறந்திருப்பதால் இன்ஜின் சூடே பிடிப்பதில்லை. டீசல் சரியாக எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகிறது, மிச்சம் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழல்) சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தொட்டிக்கு இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ முதலில் ஆயிலை மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் செலவு லைனரில் வந்து நிற்கும்.

பெரிய இன்ஜினில் ஏன் இரண்டு என்றால், ஓடுகிற தண்ணீர் அதிகம், ஒரு வாய் போதாது. ஒன்று மூடியபடி இறுகிக்கொண்டால் மற்றது கொஞ்சமாவது விடும். ஆனால் அப்படி ஓடும்போது லோடில்தான் கோளாறு தெரியும், அதனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

சரி, முதல் தடவை ஏன் கொதித்தது? தெர்மோஸ்டாட்டாகவும் இருக்கலாம், ஆனால் அறுவடை மெஷினில் எனக்கு முதல் சந்தேகம் சுணைதான். நெல் தூசியும் கூளமும் வலையைத் தாண்டிப் போய் ரேடியேட்டர் இடுக்குகளில் மெத்தை மாதிரி படிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள், மறுபக்கம் வெளிச்சம் வரவேண்டும். காற்று அடித்தால் ஃபேன் இழுக்கும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே அடியுங்கள், முன்னாலிருந்து அடித்தால் சுணை இன்னும் உள்ளே போய் உட்காரும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும், கூலன்ட் கலவைக்கு மாறுங்கள்.

புதுசு வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள். நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். எழுதியிருக்கும் டிகிரியையொட்டித் திறக்கத் தொடங்கவேண்டும், ஆறியதும் இடுக்கில்லாமல் மூடவேண்டும். மாட்டும்போது குப்பி இன்ஜின் பக்கம், காற்றுப் போகும் சின்ன ஓட்டை (ஆடுகிற ஆணி ஒன்று இருக்கும்) மேல்பக்கம். அது கீழே போனால் காற்று அடைத்துக்கொண்டு மறுபடியும் கொதிக்கும், அப்புறம் பழி புது தெர்மோஸ்டாட் மேல் விழும்.

கூலன்ட் ஊற்றி ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், கை ஃபேனில் படாமல். கொஞ்ச நேரம் ஆறியே இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் சரியாக வேலை செய்கிறது. முள் மேலே போயும் ஹோஸ் சில்லென்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்து மட்டம் பார்க்கவேண்டும், முதல் நாளில் கொஞ்சம் இறங்கியிருக்கும்.