அப்பாவின் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் பொருந்துமா?

வணக்கம். ஆறாம் தலைமுறை ஐ5 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட மடிக்கணினியில் தங்கள் தந்தையார் செய்தி வாசிப்பதாகவும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கடிதங்கள் தட்டச்சிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்பதில்லை; நிறுவும்போது நடக்கும் வன்பொருள் சோதனையைத் தவிர்த்து நிறுவினாலும், அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளிப்பதில்லை. முதியவர் ஒருவரின் கணினியை அந்த நிலையில் விடுவது சரியன்று.

ஆகவே விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின், பழைய கணினிக்கும் ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பையே பரிந்துரைக்கிறேன். ஆனால் தங்கள் தந்தையாருக்கு முக்கியமானது தட்டச்சுதான். பாமினி எழுத்துருக் கோப்பை நிறுவினால் பழைய கடிதங்களை லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து வாசிக்கலாம். புதியவற்றை, தனி எழுத்துருவை நம்பியிராத பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதுவதே நல்லது, அதற்கான தமிழ்99 விசைப்பலகை அமைப்பை ஐபஸ் (IBus) என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்க்கலாம். பாமினி விசை அமைப்பில் பழகிய கைக்குத் தமிழ்99 முற்றிலும் வேறானது என்பதால், அவர் மனமுவந்து ஏற்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மின்ட்டை யுஎஸ்பியிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, குறிப்பாக அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்த்து, கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள். இன்னும் பழைய சுழல் வன்தட்டுதான் இருக்கிறதென்றால், அதை எஸ்எஸ்டியாக (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றுவது வேகத்தில் மிகப்பெரிய மாற்றத்தைத் தரும்.

அச்சுப்பொறியின் மாதிரி எண்ணைக் குறிப்பிட்டால், லினக்ஸில் அதற்கான இயக்கி மென்பொருள் (டிரைவர்) உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.