ஆள் ஏறினால் படகு திணறுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் போட்டால் சரியாகுமா?

நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 18 அடிப் படகு, பின்புறம் வெளியே மாட்டிய 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், 17 பிட்ச் அலுமினிய புரொப்பெல்லர். தனியாகப் போனால் முழு த்ராட்டிலில் 5200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), ஆறு பேர் ஏறினால் 4700. எஞ்சின் கையேடு கேட்பதோ 5000 முதல் 6000 வரை. கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்கிறார் என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் படகுக்கு 17 பிட்ச் அதிகம், அவ்வளவுதான். அதே 17-ஐ எந்த உலோகத்தில் வாங்கினாலும் எஞ்சினின் சுமை குறையப் போவதில்லை.

17 பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு 17 அங்குலம் முன்னேற வேண்டும் என்று கணக்கு. தண்ணீர் மரம் இல்லையே, கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும். இந்த மாதிரிப் படகுகளில் 10 முதல் 20 சதவீதம் வரை அப்படி வீணாவது சகஜம். பிட்ச் கூடக் கூட, மேட்டில் மேல் கியரில் வண்டி ஓட்டுவதுபோல ஆகிவிடும். த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் சத்தம் கனமாகுமே தவிர, சுற்று ஏறாது.

இந்தத் தவறை நானே காசு கொடுத்துச் செய்திருக்கிறேன். 17 பிட்ச்சில் 5500 சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு, வேகம் கூடும் என்று நம்பி 21 வாங்கி மாட்டினேன். முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. த்ராட்டிலைத் தள்ளியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது, அப்படியே நின்றது. எதிரே தண்ணீரே தெரியவில்லை. படகு மேலெழும்பிச் சறுக்க ஆரம்பிப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி, “அண்ணா, பின்பக்கம் மூழ்குது போல இருக்கு” என்றான். முள் 4800-ஐத் தாண்டவே இல்லை. ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் பழைய வேகத்தைவிட இரண்டு கிலோமீட்டர் குறைவு.

கூடுதலாகப் போட்டால் வேகம் கூடிவிடும் என்பதில்லை. இதில் எனக்கு ஒரு பழைய துணை உண்டு. 1836-இல் திருகு புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கிய பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், இரண்டு முழுச் சுற்று நீளமுள்ள மரத்திருகை வைத்து ஒரு கால்வாயில் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் பாதி உடைந்து போனது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் முழு த்ராட்டிலில் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 14-க்கு இறங்கினால் ஆள் ஏறிய நிலையில் 5150–5300, தனியாக 5650–5800. இரண்டுமே வரம்புக்குள். 13 போட்டால் சுமையோடு 5300–5500 கிடைக்கும், ஆனால் தனியாகப் போகும்போது 6000-ஐத் தொட்டுவிடக்கூடும். எப்போதும் ஆறு பேரோடுதான் போவீர்கள் என்றால் 13. தனியாகவும் அடிக்கடி போவீர்கள் என்றால் 14. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 14 வாங்குவேன்.

வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. ஆர்பிஎம் காட்டும் மீட்டரே பொய் சொல்லலாம். சில மீட்டர்களின் பின்புறம் எஞ்சினுக்கு ஏற்பத் திருப்பி வைக்கும் ஒரு சின்னத் தெரிவு ஸ்விட்ச் உண்டு. அது தவறான எண்ணில் நின்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் வீண். அப்புறம் படகின் அடியில் பாசி, சிப்பி ஒட்டியிருக்கிறதா, இப்போதைய இறக்கைகளில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா, த்ராட்டில் கேபிள் கடைசிவரை திறக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் சுற்று குறையும். பழி மட்டும் பிட்ச் மேல் விழும். சோதனை ஓட்டத்தை வழக்கமான எரிபொருளோடும் வழக்கமான ஆட்களோடும் செய்யுங்கள். காலிப் படகில் எடுத்த எண்ணை வைத்து வாங்கியவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

விட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே வரிசையில் பிட்ச் குறைந்தால் விட்டம் சற்றுக் கூடும்படி தயாரிப்பாளர்களே பெரும்பாலும் அமைத்துவிடுகிறார்கள். தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்று இறக்கைக்குப் பதில் நான்கு இறக்கை போடுவதும் நல்ல யோசனைதான். படகு சீக்கிரம் மேலெழும்பும், குறைந்த வேகத்திலும் தண்ணீர் மேல் சறுக்கும் நிலையிலிருந்து விழாது, திருப்பங்களில் பிடி விடாது. விலையாக உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும், சுற்றும் சற்று இறங்கும். அதனால் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்ச்சை இன்னும் ஓர் அங்குலம் குறைத்து வாங்குவது வழக்கம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நான் குறை சொல்லவில்லை. இறக்கை மெல்லியது, வேகத்தில் வளையாது, அதனால் நன்றாகத்தான் ஓடும். விலை பல மடங்கு. பாறை, மரக்கட்டை இருக்கும் ஆழமில்லாத தண்ணீரில் அலுமினியம் வளைந்தோ உடைந்தோ அடியை வாங்கிக்கொள்ளும், சரிசெய்யவும் செலவு குறைவு. பிட்ச் எது என்று அலுமினியத்தில் கண்டுபிடித்துவிட்டு, ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு வேண்டுமானால் ஸ்டீலுக்குப் போங்கள்.

இன்னொன்று. எஞ்சின் திடீரென்று கத்துகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் பிட்ச்சைச் சந்தேகிக்காதீர்கள். கூர்மையான திருப்பத்தில் மட்டும் அப்படி ஆனால், மேலிருந்து காற்று இறக்கைக்குள் போகிறது. எஞ்சின் அதிக உயரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது டிரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை, அளவுக்கு மீறி வெளியே தள்ளியிருக்கலாம். நேராகப் போகும்போதே, த்ராட்டிலைக் கூட்டும்போதெல்லாம் ஆனால், பெரும்பாலும் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் ஹப் வழுக்குகிறது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, நடக்கும் வேகத்தில் கரைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் பிடித்தது.

புதியதை மாட்டும்போது முதலில் சாவியையும் அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். நட்டைக் கழற்ற, இறக்கைக்கும் மேலே உள்ள தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் சுற்றாது. கையால் பிடிக்காதீர்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஷாஃப்ட்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். அது தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிட்டால் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துப்போகும். கிரீஸ் தடவி மாட்டி, நட்டைப் பூட்டும் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய 17-ஐ விற்றுவிடாமல், ஒரு நட்டும் பின்னும் சேர்த்துப் படகிலேயே வைத்திருங்கள். வழியில் இறக்கை உடைந்தால், திணறிக்கொண்டாவது அது உங்களைக் கரை சேர்த்துவிடும்.