மழை மேலே பெய்துவிட்டது

வணக்கம் சேர்,

பண்டாரவளையில் இருந்து எழுதுகிறேன். அப்பா தொடங்கிய தேயிலை பெக்கெட் தொழிலை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் கொழும்பில் எதிர்காலப் போக்குகளும் தொழில் உத்தியும் என்று ஒரு பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாள். முடிவில் ஒரு தடித்த ஃபைல் தந்தார்கள். செயற்கை நுண்ணறிவு, காலநிலை மாற்றம், முதியோர் சந்தை என்று அறுபது போக்குகள் அதில் இருக்கின்றன. வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கோயில் பூசாரி குறைந்த காசுக்குச் சொல்லியிருப்பாரே" என்கிறார். கடன் எடுத்து டீ பேக் மெஷின் ஒன்று வாங்கலாமா என்பதுதான் இப்போது என் யோசனை. ஃபைலில் அதற்குப் பதில் இல்லை. இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா, இல்லை கோட் போட்ட ஜோசியமா? இன்னொன்று: என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது என்று வேலையாட்களிடம் சொன்னால், முதலாளி என்ற மதிப்புப் போய்விடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

வணக்கம் தங்கச்சி,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. அந்த ஃபைலை நானும் நம்ப மாட்டேன். அதில் இருப்பது பொய் என்பதால் அல்ல. அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருடைய கையிலும் அதே ஃபைல் இருக்கிறது.

நம் மலையில் இது ஏற்கெனவே நடந்ததுதான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. துரைமார் சிங்கோனா மரத்துக்குப் பாய்ந்தார்கள். மலேரியாவுக்கான கொயினா மருந்து அதன் பட்டையில் இருந்து வந்தது, விலையும் நன்றாக இருந்தது. எல்லோரும் நட்டார்கள். 1880களில் பட்டை மலைமலையாகக் குவிந்து விலை விழுந்தது. உலகத்துக்குக் கொயினா வேண்டும் என்று அவர்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரையும் அதே கணக்கைத்தான் போடுவார் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில், தேயிலை போட்ட துரை ஜேம்ஸ் டெய்லரைத் தீர்க்கதரிசி ஆக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை போட்டது 1867இல். துரு நோய் அப்போது இலங்கையில் தென்படவே இல்லை, கோப்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். (அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்திய நம் ஆட்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அது வேறு கதை.) பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். நஷ்டமானாலும் தாங்கக்கூடிய ஒரு பரீட்சை. கோப்பி விழுந்த பிறகு, மற்றவர்கள் போய்ப் பார்த்துப் படிக்க ஓர் இடம் தயாராக இருந்தது.

சரி, ஜோசியம் இல்லையென்றால் எதிர்காலத்தை யோசிக்கும் இந்த வேலை என்ன? ஷெல் எண்ணெய்க் கம்பனியில் 1970களின் தொடக்கத்தில் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வேலையைச் செய்தார். அடுத்த வருடம் எண்ணெய் என்ன விலை என்று ஒற்றை எண் சொல்வதை அவர் விட்டுவிட்டார். நடக்கக்கூடிய சில கதைகளை எழுதி மேலாளர்கள் முன் வைத்து, "இது நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஷெல் மற்றக் கம்பனிகளைவிடக் குறைவாகவே திகைத்தது. அவர் கங்கையை உதாரணம் காட்டுவார்: மேலே பெருமழை பெய்துவிட்டால் கீழே உள்ள ஊர்களுக்கு வெள்ளம் வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

நமக்கு அதைச் சொல்ல கங்கை வரை போக வேண்டாம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. மேலே கித்துல்கல பக்கம் இரவு முழுக்க ஊற்றினால், கொழும்பு நாகலகம் வீதியில் இருக்கும் அளவுகோலில் தண்ணீர் பிறகு ஏறும். அந்த நேரம் கொழும்பில் நல்ல வெயில் அடிக்கலாம். உங்கள் தொழிலில் எந்த மழை ஏற்கெனவே மேலே பெய்துவிட்டது? ஃபைலை மூடிவிட்டு முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த மழை ஆபீசில் இருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். நான் ஒரு தேயிலைக் கம்பனியில் கணக்கு எழுதியவன். அங்கே வருடத் திட்டம் என்றால் போன வருடக் கிலோவோடு ஐந்து சதவீதம் கூட்டுவது. கொழுந்து லொறி ஓட்டிய அண்ணன் ஒருவர் ஒரு நாள் பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "முன்னயெல்லாம் கீழ் டிவிஷன்ல நான் ஹோர்ன் அடிச்சா கொழுந்து நிறுக்கிற வரிசை வளைவு வரைக்கும் நிக்கும். இப்ப பீலிக்கரைய தாண்டல்ல. நிக்கிறதும் எல்லாம் தாய்மார்தான்." பெண் பிள்ளைகள் கார்மென்டுக்கும் கொழும்பு வீட்டு வேலைக்கும் போயிருந்தார்கள். நாங்கள் சிரித்துவிட்டு ஐந்து சதவீதத்தைக் கூட்டினோம். மூன்று வருடத்தில் கொழுந்து எடுக்க ஆளில்லாமல் அந்த டிவிஷனில் ஒரு மலை காடாகிப் போனது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

உரக் கதையும் இப்படித்தான். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சரி. நவம்பரில் தடையை நீக்கினார்கள், பலர் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் செடி ஏற்கெனவே பட்டினி கிடந்துவிட்டது, பிறகு உரம் வந்தாலும் வாங்கும் விலையில் இல்லை. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. தடையைக் கணிக்க முடியாமல் போகலாம். தடைக்குப் பிறகு வந்த விளைச்சல் குறைவைத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற எவரும் சொல்லியிருப்பார்.

இனி உங்கள் மெஷின். ஒரு மாலை எல்லோரையும் உட்காரவைத்து, மெஷின் வந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு மூன்று கதை பேசுங்கள்.

ஒன்று, 2022இன் பொருளாதார நெருக்கடி திரும்பி வருகிறது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. டீ பேக் தாள் வெளிநாட்டில் இருந்து வருகிறது. கடன் தவணையை எத்தனை மாதம் கட்டுவீர்கள்? மாதக் கணக்கை எண்ணாகச் சொல்லுங்கள், "சமாளிக்கலாம்" என்பது பதில் இல்லை.

இரண்டாவது, பாதை மூடுகிறது. 2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்தபோது மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்ததை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது கதையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: நல்லது நடக்கிறது. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இரண்டு மடங்காகிறார்கள், ஒன்லைன் ஓடர் குவிகிறது. அவர்கள் கேட்பது டீ பேக்கா, நல்ல டின்னில் அடைத்த இலைத் தேயிலையா? இலைத் தேயிலை என்றால், உங்கள் நல்ல காலத்திலேயே அந்த மெஷின் சும்மா நிற்கும்.

என் கருத்து கேட்டால், இப்போது வாங்க வேண்டாம். கூலிக்கு டீ பேக் அடித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் அவர்களிடம் கொடுத்து அடித்து விற்றுப் பாருங்கள். கிலோவுக்குச் செலவு கூடத்தான் வரும். வரட்டும், அது உங்கள் 19 ஏக்கர். கடைக்காரர்கள் இரண்டாவது முறை தாமாகவே ஓடர் தந்தால் அப்புறம் வங்கிக்குப் போகலாம்.

மதிப்புப் போகுமா என்று கேட்டீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் லயங்கள் ஆட்களோடு புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தெரியாது என்று யாரோ சொன்னதால் அல்ல, தெரிந்தும் செய்யாததால் வந்த சாவுகள் அவை. உங்கள் வேலையாட்களிடம், "டொலர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. 300ல் இருந்தால் இது, 400ஐத் தொட்டால் அது" என்று சொல்லுங்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவர்களுக்கு அந்த இரண்டாவது வசனம்தான் முக்கியம்.

ஒரு சின்ன விஷயம். அந்த மாலை நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்ற 14 பேரும் தலையாட்டுவார்கள். கடைகளுக்கு டெலிவரி கொண்டுபோகிறவரை முதலில் பேசவிடுங்கள். உங்கள் பெக்கெட் எந்தத் தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்காரரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். கேலி பண்ண ஒருவர் இருந்தால்தான் முதல் கதை உருப்படியாக வரும். கூலிக்கு அடித்த டீ பேக் கைக்கு வந்ததும் ஹட்டனுக்கு ஒரு பெட்டி அனுப்பிவையுங்கள். நான் தூள் தேயிலை ஆள், குறை சொல்ல இப்போதே தயார்.