அரசுப் பணம் உங்கள் கைக்கு வராது; ஆனாலும் அந்தக் கதவைத் தட்டுங்கள்

கேள்வி: அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் நான்கு ஆண்டுகளாகச் சிறிய தையல் கடை நடத்துகிறேன். பக்கத்துக் கடை காலியாகிறது. அதையும் வாடகைக்கு எடுத்து, இரண்டு புதிய இயந்திரங்கள் வாங்க 40,000 டாலர் வேண்டும். ஈடாக வைக்க எதுவும் இல்லை, கடன் வரலாறும் போதாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. ஒரு நிறுவனம் இரண்டே நாளில் பணம் தருகிறேன் என்கிறது; அதன் ஒப்பந்தத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் தோழியோ, ‘பின்தங்கிய பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சமூகக் கடன் நிறுவனங்கள் வழியாக அரசு பணம் தருகிறது, அங்கே போ’ என்கிறாள். அந்தத் திட்டத்தையே மூடப்போவதாகவும் கேள்விப்பட்டேன். நடுவில் நிறுத்திவிட்டால் என் கடன் என்ன ஆகும்?

பதில்: இரண்டு நாளில் பணம் தருபவரின் ஒப்பந்தத்தில் தயவுசெய்து இன்று கையெழுத்திடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் வட்டி என்ற சொல்லே இல்லை, ‘காரணி 1.3’ என்று மட்டும் இருக்கிறது. அதன் பொருள் இதுதான்: 40,000 வாங்கினால் 52,000 திருப்பித் தர வேண்டும். எட்டு மாதத்தில், வேலைநாள் ஒவ்வொன்றும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் 310 டாலரை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஊரில் தண்டல் என்று சொல்வோமே, அதேதான். வாசலில் ஆள் வந்து நிற்பதில்லை, அவ்வளவே வேறுபாடு. மாதத்துக்கு 6,500 டாலர். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. முன்கூட்டியே அடைத்தால் மிச்சமாகுமா என்றால், தள்ளுபடி தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

இப்போது தோழி சொன்ன வழியைப் பாருங்கள். அதே 40,000 டாலரை 11 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 870 டாலர் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டில் கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 12,000. ஆம், இரண்டு இடத்திலும் கூடுதலாகப் போவது அதே 12,000தான். ஒன்று அதை எட்டு மாதத்தில் உறிஞ்சிவிடும். மற்றொன்று அறுபது மாதம் காத்திருக்கும். புதிய இயந்திரம் சம்பாதிக்கத் தொடங்கவே மூன்று, நான்கு மாதம் ஆகும். அதற்குள் தினம் 310 டாலர் போனால் வாடகைக்கு என்ன மிஞ்சும்? நன்றாக நடந்த கடைகள் தொழில் படுத்ததால் அல்ல, தவணையின் வேகத்தால் மூடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோழி சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. அரசு உங்களுக்குப் பணம் தரவில்லை. 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கருவூலத் துறையில் ‘சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களுக்கான நிதியம்’ அமைந்தது. சிடிஎஃப்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடன் நிறுவனங்களுக்கு அது மானியம் அளிக்கிறது. 2024 நிதியாண்டில் அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை 32.4 கோடி டாலர். மானியம் பெறும் நிறுவனம் பொதுவாக அதே அளவு பணத்தை வெளியிலிருந்தும் திரட்டிக் காட்ட வேண்டும். அந்தப் பணம் அதன் சொந்த மூலதனமாக நிற்கும். அதைக் காட்டி வங்கிகளிடம் கடன் வாங்கி, உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும். சிலருடைய கடன் வாராமல் போனால் அந்த அடியை முதலில் தாங்குவது அந்த மூலதனம். ஈடு இல்லாத தையல்காரருக்குக் கடன் கொடுக்கும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. இலவசம் என்று எண்ணிப் போகாதீர்கள். கடைசி டாலர் வரை திருப்பிக் கட்ட வேண்டும், கடையால் முடியாவிட்டால் நானே கட்டுவேன் என்ற சொந்தப் பொறுப்புறுதியும் கேட்பார்கள்.

இந்த நிதியத்தின் சான்று பெற்ற நிறுவனம் தன் கடன்களில் குறைந்தது 60 சதவீதத்தை வருமானம் குறைந்த பகுதிகளுக்கோ, வழக்கமான கடன் வசதி எட்டாத மக்களுக்கோ தர வேண்டும். உங்கள் கடை அப்படிப்பட்ட பகுதியில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் மீதி 40 சதவீதம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம் (எஸ்பிஏ) நடத்தும் குறுங்கடன் திட்டமும் இப்படித்தான் லாப நோக்கற்ற நிறுவனங்கள் வழியாக நடக்கிறது. உச்சவரம்பு 50,000 டாலர், வட்டி பெரும்பாலும் 8 முதல் 13 சதவீதம். அந்தப் பணத்துக்குக் குடியுரிமை விதிகள் கடுமையாகி வருகின்றன. உங்கள் குடிவரவு நிலையை முதல் சந்திப்பிலேயே சொல்லி, எந்த நிதியிலிருந்து தருவார்கள் என்று கேளுங்கள்.

மூடப்போவதாக நீங்கள் கேள்விப்பட்டதற்கும் காரணம் உண்டு. 2025 மார்ச் 14 அன்று அதிபர் கையெழுத்திட்ட ஆணை, இந்த நிதியத்தைச் சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்குச் சுருக்கச் சொன்னது. ஆனால் உங்கள் கடன் ஒப்பந்தம் அரசோடு அல்ல, அந்த நிறுவனத்தோடு. மானியம் நின்றுபோனதால் மட்டும் பொதுவாக உங்கள் வட்டியை உயர்த்தவோ, முழுத்தொகையையும் உடனே கேட்கவோ முடியாது. பாதிப்பு இனிமேல் வருபவர்களுக்குத்தான்: கடன்கள் குறையும், காத்திருப்பு நீளும். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அதுதான். உங்களைப் போல அடுத்த தெருவில் ஒருவர் காத்திருப்பார். அவருக்குத் தண்டல்காரர் மட்டுமே மிஞ்சுவார்.

நிறுவனம் சான்று பெற்றதா என்பதை நிதியம் வெளியிடும் பட்டியலில் சரிபாருங்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை அண்டவிடாதீர்கள். போகும்போது பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை, இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம், இயந்திரங்களின் விலைப்பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கணக்கில் போகிறதா? அப்படியானால் இந்த வாரமே தனிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் ஆர்டர் நோட்டையும் கொண்டு போங்கள். எந்த மாதம் எத்தனை திருமண உடை தைத்தீர்கள், எத்தனை பேரை நேரமில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள் என்பது அதில் இருக்கிறது. வங்கியின் கணினி அதைப் படிக்கவில்லை. சிடிஎஃப்ஐ நிறுவனத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார்.

முடிவு தெரியச் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகலாம். எனவே பக்கத்துக் கடையின் வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்திட வேண்டாம். உரிமையாளரிடம் அறுபது நாள் அவகாசம் கேளுங்கள்; தேவைப்பட்டால் ஒரு சிறு தொகை கொடுத்தாவது அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.