18 ஆண்டில் வந்து நிற்கும் மருத்துவ வாரியம்

கேள்வி: என் தம்பி 2008-இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தவன். பாராசூட் குதிப்பில் முதுகுத்தண்டு அடிபட்டு, இப்போது மருத்துவ வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓய்வூதியத்துக்கான 20 ஆண்டுச் சேவை முடிய இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வலியை வெளியில் சொல்லாமல் ஓட்டிவிடச் சொல்கிறார் அம்மா. இங்கே தேசிய சேவை செய்த என் கணவர், தரத்தைக் குறைத்து அலுவலக வேலை கொடுத்துவிடுவார்கள் என்கிறார். 18 ஆண்டு தாண்டியவரை யாரும் அனுப்ப முடியாது என்கிறார்கள் தம்பியின் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஈசூன் வாசகி

பதில்: மூவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் பேச்சையும் நம்பி நடந்தால் உங்கள் தம்பிக்கு நட்டம்.

முதலில் உங்கள் கணவர். சிங்கப்பூரில் மெடிக்கல் போர்ட் என்றால் 'பெஸ்' என்னும் உடற்தகுதித் தரம் இறங்கும்; துப்பாக்கி தூக்கியவர் கிடங்கிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து மீதி நாளைக் கழிப்பார். அமெரிக்காவில் மருத்துவ வாரியம் கோப்பை அடுத்துள்ள உடற்தகுதி வாரியத்துக்கு அனுப்பும். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: தம் பதவிக்குரிய வேலையை இவரால் செய்ய முடியுமா, முடியாதா? முடியாது என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு வழிதான்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. 18 ஆண்டு முடித்த வீரரை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தும் பிற வழிகளிலும் வெளியேற்றாமல் காக்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் உடல் தகுதியின்மைக்காக வேறு சட்டப்படி விடுவிப்பதை அது தடுக்காது. இந்தப் பாதுகாப்பை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது.

இனி பணம். தம்பியின் சேவை 20 ஆண்டுக்குக் குறைவு என்பதால், படை தரும் ஊன விகிதம் 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் மருத்துவ ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. 20 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் வீதம் ஒரே தொகையாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு அலுவலகங்கள், இரண்டு சதவீதங்கள். படைவீரர் நலத்துறை முதுகு, முழங்கால், காதிரைச்சல் என்று சேவையால் வந்த எல்லாவற்றையும் சேர்த்து விகிதம் போடும். (அதுவும் சாதாரணக் கூட்டல் அல்ல, 50-உம் 30-உம் சேர்ந்தால் 65, அதை 70 என்று ஆக்குவார்கள்.) படையோ, எந்தக் குறையால் வேலை செய்ய முடியவில்லையோ அதற்கு மட்டுமே விகிதம் எடுத்துக்கொள்ளும். நலத்துறைத் தாளில் 80 என்று பார்த்து மகிழ்ந்தவர், படையின் தாளில் 20 என்று பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. உயர்ந்த மூன்று ஆண்டுகளின் சராசரி அடிப்படைச் சம்பளம் மாதம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 2.5 வீதம் 45 சதவீதம், அதாவது 2,250 டாலர். படை தந்த ஊன விகிதம் இதைவிட அதிகமாக இருந்தால் அதன்படி வரும்; உச்சவரம்பு 75 சதவீதம். 20 ஆண்டென்றால் 2,500. 250 டாலருக்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் நலத்துறை, தன் விகிதத்தின்படி மாதம் 2,000 டாலர் இழப்பீடு தருவதாக வைத்துப் பாருங்கள். 20 ஆண்டு முடித்து, நலத்துறை விகிதமும் 50-க்குக் குறையாமல் இருந்தால், இரண்டும் சேர்ந்து 4,500 கைக்கு வரும். 18-இல் வெளியே வந்தவருக்கோ அந்த 2,000 ஓய்வூதியத்திலிருந்து கழிக்கப்பட்டு, மொத்தமே 2,250. (2018-இல் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருந்தால் 2.5-க்குப் பதில் 2.)

ஆகவே தம்பி முதலில் கேட்க வேண்டியது, தகுதியில்லை என்ற முடிவுக்குப் பிறகும் பணியில் தொடரும் அனுமதி. 'சிஓஏடி' என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும். 15 ஆண்டு முடித்து 20 முடிக்காதவர்கள் விண்ணப்பிக்கலாம். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன்; உடல்நிலை ஓரளவு நிலையாக இருக்க வேண்டும், ஏதாவது ஒரு வேலையைப் பயனுள்ளதாகச் செய்ய முடிய வேண்டும். வாரியத்தின் முடிவுக்குப் பதில் சொல்லப் பத்து நாள்தான் தருவார்கள். "ஏற்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், படையே கட்டணமின்றித் தரும் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் நேரடி விசாரணை கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. வாரிய வேலை இழுக்கும் மாதங்களும் சேவைக் கணக்கில் சேரும் என்பது சின்ன ஆறுதல்.

அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். நம் வீடுகளில் வலியை மறைப்பது ஒரு பெருமை. படையில் அது வெற்றுத்தாள். மருத்துவப் பதிவில் இல்லாத வலிக்கு யாரும் விகிதம் போட மாட்டார்கள். உங்கள் தம்பிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பாராசூட் குதிப்பு ஆபத்தான பணி வகையில் வருவதால், அந்தக் காயத்துக்குப் போர் சார்ந்த சிறப்பு இழப்பீடு என்ற ஒன்றை ஓய்வு பெற்றபின் தனியாகக் கேட்கலாம். 20 ஆண்டு முடியாமல் மருத்துவ ஓய்வு பெற்றவருக்கும் அது உண்டு. மேலே சொன்ன கழிவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் குதித்ததால்தான் அடிபட்டது என்று அன்றைய பதிவு சொல்ல வேண்டும். "முதுகுவலி" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

அடுத்த முறை பேசும்போது "எப்படியப்பா இருக்கிறாய்" என்பதோடு இதையும் கேளுங்கள்: எந்தத் தேதியில் குதித்தாய், அன்று எந்த மருத்துவரைப் பார்த்தாய், அந்தத் தாள் உன் கையில் இருக்கிறதா? அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.